வளர்கிற பிள்ளைக்கு முதல் ஏர் ரைஃபிள்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் இருக்கிறேன். என் பெண் நான்கு வருடமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றின் அழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) சுடுகிறாள். அதனால் தெருவில், சொந்தத்தில், அவள் பள்ளி வாசலில் யாராவது ஒருவர் என்னிடம் "புள்ளைக்கு ஒரு சின்ன துப்பாக்கி வாங்கணும், எது நல்லது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிட்டேன். நான் கோச் இல்லை. காசு செலவழித்து, முதல் தடவை தப்பாக வாங்கி, அப்புறம் கற்றுக்கொண்ட அப்பா, அவ்வளவுதான்.

பையனுக்கு ஏழு வயது. சில்வர் பீச்சில் பலூன் சுட்டதிலிருந்து துப்பாக்கி வேண்டும் என்று ஒரே அழுகை. வாங்கலாமா?

வேண்டாம். பலூன் கடைக்கே இன்னும் நாலு தடவை கூட்டிப் போங்கள். ஏழு வயதில் ஆசை வருவது சகஜம், ஆனால் நூறு தடவையும் மறக்காமல் குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி வைக்கும் பொறுமை அந்த வயதில் எல்லாப் பிள்ளைக்கும் வராது. நான் பார்த்தவரை பத்து, பதினொன்று வயது நல்ல தொடக்கம். வயதை விட நல்ல சோதனை ஒன்று உண்டு: "அதைத் தொடாதே" என்று ஒரு பொருளைக் காட்டிச் சொல்லிவிட்டு நீங்கள் வேறு அறைக்குப் போனால் பிள்ளை தொடாமல் இருக்கிறதா? இல்லை என்றால் இன்னும் ஒரு வருடம் போகட்டும். ஜெர்மனி போல கிளப்புக்குக் கிளப் ரேஞ்ச் (சுடும் இடம்) உள்ள நாட்டில்கூட, மேற்பார்வையோடு ஏர் ரைஃபிள் சுடுவதற்குச் சட்டம் வைத்திருக்கும் பொது வயது 12.

யூடியூபில் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பிள்ளைகள்கூட நிஜத் தோட்டா சுடுகிறார்கள். அந்த மாதிரி .22 இங்கே கிடைக்குமா?

அங்கே குழந்தைகளுக்கென்றே .22 ரைஃபிள் செய்கிறார்கள். க்ரிக்கெட் என்ற பெயரில் ஒன்று இருக்கிறது (நம்ம கிரிக்கெட் இல்லை, சிள்வண்டுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர்). ஒரு தடவைக்கு ஒரே தோட்டா, எடை ஒன்றரை கிலோவுக்குள், தோளில் வைக்கும் கட்டையும் குட்டி. அந்த ஊர் அப்பாக்கள் முதல் ரைஃபிளுக்கு ஒற்றைத் தோட்டாதான் வேண்டும் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது: ஒன்று சுட்டால் முடிந்தது, அடுத்ததைப் போட பெரியவர் கை வர வேண்டும்.

ஆனால் அது அந்த ஊர்ச் சட்டம். இங்கே .22 என்பது லைசென்ஸ் ஆயுதம். 21 வயது ஆகாதவர் துப்பாக்கியைச் சொந்தமாக வைத்திருக்க முடியாது. பயிற்சிக்காக மட்டும், உரிய நிபந்தனைகளோடும் மேற்பார்வையோடும், 12 வயது ஆனவர் சுடலாம். பள்ளியில் என்சிசி பிள்ளைகள் .22 சுடுவதும் அந்த மாதிரி கட்டுக்காவலோடுதான். ஆக, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு முதல் ரைஃபிள் என்றால் அது ஏர் ரைஃபிள்தான், அதிலும் .177 தான்.

.177, .22 என்றால் என்ன? எண் சின்னதாக இருந்தால் சக்தி குறைவா?

எண் என்பது குழல் துளையின் அகலம், அங்குலக் கணக்கில். .177 என்றால் 4.5 மில்லிமீட்டர். துளை அளவை மட்டும் வைத்துச் சக்தியைச் சொல்ல முடியாது. போட்டி ஏர் ரைஃபிளில் போடும் ஈயக் குண்டு, பெல்லட் என்பார்கள், அரை கிராம் சொச்சம்; நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும்; சக்தி 7, 8 ஜூல். .22 தோட்டா என்றால் 140 ஜூல் வாக்கில் வரும், கிட்டத்தட்ட இருபது மடங்கு. 7 ஜூல்தானே என்று அலட்சியம் வேண்டாம், கண்ணைப் போக்க அது தாராளமாகப் போதும்.

லைசென்ஸ் வேண்டுமா? புதுச்சேரிக்கு வேறு சட்டமா?

முள்ளோடை தாண்டினால் பாட்டில் விலை மாறும், ஆயுதச் சட்டம் மாறாது. அது மத்தியச் சட்டம், 1959-ல் வந்தது; விதிகள் 2016-ல் புதிதாக வந்தவை. துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், சக்தியும் 20 ஜூலுக்கு மேல் போகாமல் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். இரண்டில் ஒன்று தாண்டினாலும் வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். "ஏர்கன்தானே சார், எல்லாம் ஒன்றுதான்" என்று .22 ஏர் ரைஃபிளைத் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு, காற்றில் சுட்டாலும் .22 துளை 5.5 மில்லிமீட்டர், அதற்கு லைசென்ஸ் வேண்டும். வாங்குவது பெரியவர் பெயரில், அடையாள அட்டை நகல் கொடுத்து, பில்லோடு. அந்த பில்லைத் தொலைக்காதீர்கள், ரைஃபிளை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போது யாராவது கேட்டால் காட்ட வேண்டி வரும்.

ஸ்பிரிங், பிசிபி, என்னென்னவோ சொல்கிறார்கள். எதை வாங்குவது?

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மூத்தவனுக்கு எட்டாவது பிறந்தநாளுக்கு ஒரு ஸ்பிரிங் ரைஃபிள் வாங்கினேன். குழலை நடுவில் மடக்கி ஸ்பிரிங்கை இழுத்து, குண்டு போட்டு, மறுபடி நிமிர்த்திச் சுடும் வகை. மூன்று கிலோவுக்கு மேல் எடை. கடைக்காரர் "வளர்ற பையன் சார், இப்பவே பெருசா வாங்கிடுங்க" என்றார், நானும் பள்ளிச் சீருடை எடுப்பது போலத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவனால் குழலை மடக்கவே முடியவில்லை. கட்டையைத் தரையில் ஊன்றி, உடம்பு எடை முழுவதையும் குழல் மேல் போட்டு அழுத்தினான், பாதியில் கை நழுவியது, குழல் விருட்டென்று நிமிர்ந்ததில் கட்டைவிரல் நகம் போயிற்று. விரல் இடுக்கில் மாட்டாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம். அந்த ரைஃபிள் இன்றைக்கும் பரணில் கிடக்கிறது, பையன் வாலிபால் ஆடப் போய்விட்டான்.

ஸ்பிரிங் வகையில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. உள்ளே பிஸ்டன் ஓடி முட்டும்போது ரைஃபிள் பின்னுக்கும் முன்னுக்குமாக உதறும். குண்டு குழலை விட்டு வெளியே போவதற்குள் அந்த உதறல் வந்துவிடும், பெரியவர்களுக்கே அதை அடக்கத் தனிப் பழக்கம் வேண்டும். பிள்ளை சரியாகத்தான் குறி வைத்திருக்கும், குண்டு வேறெங்கோ போகும், "எனக்கு வரல" என்று வைத்துவிட்டுப் போய்விடும்.

பிசிபி என்பது சிலிண்டரில் முன்கூட்டியே காற்றை அடைத்து வைத்திருக்கும் வகை. ஒரு தடவை நிரப்பினால் நூற்றுக்கணக்கில் சுடலாம். சின்ன நெம்புகோலை ஒரு விரலால் திறந்து குண்டு வைத்து மூடினால் போதும், உதறலும் இல்லை. இன்றைக்குப் போட்டிகளில் பிடிப்பது எல்லாம் இதுதான். பிள்ளைக்கு இதுதான் சரி. ஆனால் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருக்கிறது, கார் டயரைப் போல 90 மடங்கு, அதனால் நிரப்புவது எப்போதும் பெரியவர் வேலை. ஸ்கூபா தொட்டியிலிருந்து நிரப்பலாம், அதற்கென்றே செய்த கைப் பம்பும் இருக்கிறது. வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் கிடைக்கிறதே என்று அதை மட்டும் அடைத்துவிடாதீர்கள், அந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் துளி எண்ணெயில் பட்டாலும் வெடிக்கும்.

கார்பன் டை ஆக்சைடு வகையும் இருக்கிறது. வெயில் ஏற ஏற அதன் அழுத்தம் ஏறும். நம்ம ஊர் மே மாதத்தில் காலையில் ஒரு இடத்தில் குண்டு விழும், மதியம் இன்னொரு இடத்தில். விட்டுவிடுங்கள்.

சரி, பிசிபி. அளவு எப்படிப் பார்ப்பது?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. எல்லாரும் எந்தக் கம்பெனி, எத்தனை மீட்டர் போகும் என்றுதான் கேட்கிறார்கள்.

ரைஃபிள் என்பது செருப்பு மாதிரி. காலுக்குப் பெரிய செருப்பைப் போட்டு ஓட முடியாது. பிள்ளையின் முழங்கையை 90 டிகிரி மடக்கச் சொல்லி, கட்டையின் பின்பக்கத்தை முழங்கை மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிக்கரைச் சுகமாகத் தொட வேண்டும். எட்டி நீட்டித்தான் தொடுகிறது என்றால் கட்டை நீளம். நீளக் கட்டையைப் பிடிக்கும் பிள்ளை அதைத் தோளில் வைக்காமல் கை மேல் வைக்கும், இடுப்பைப் பின்னுக்கு வளைக்கும், கழுத்தை முன்னால் நீட்டும். ஆறு மாதத்தில் அதுவே பழக்கமாகிவிடும், அப்புறம் எந்தக் கோச் வந்தாலும் அதைக் கழற்ற இரண்டு வருடம் ஆகும்.

கட்டை சரியாக இருந்தால் கன்னப் பலகையைப் பாருங்கள். பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்க்கச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்ததும் பார்வை நேரே குறி பார்க்கும் பின் சைட்டின் துளைக்குள் போக வேண்டும். தலையைத் தூக்கியோ அமுக்கியோ தேடினால் பலகையின் உயரம் சரியில்லை. ஜூனியர் மாடல்களில் இரண்டையும் திருகாணி வைத்து நகர்த்தலாம், பிள்ளை வளர வளரக் கட்டையின் பின்னால் தகடு சேர்த்து நீட்டிக்கொண்டே போகலாம். "வளர்ற பிள்ளை" என்ற கவலைக்குப் பதில் இந்தத் தகடுகள்தான்.

எடை எவ்வளவு இருக்கலாம்?

பெரியவர்களின் போட்டி ரைஃபிள் 4 முதல் 5 கிலோ. விதிப்படி 5.5 கிலோ வரை போகலாம். 28 கிலோ பிள்ளை கையில் நாலரை கிலோ கொடுப்பது, 70 கிலோ ஆள் 11 கிலோ அரிசிப் பையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பது மாதிரி. ஒரு தடவை நீங்களே பிடித்துப் பாருங்கள், அப்புறம் பிள்ளையைத் திட்ட மாட்டீர்கள். ஜூனியர் மாடல் 4 கிலோவுக்குக் கீழே இருக்கும். அதுவும் கனம் என்றால் முதல் வருடம் முழுக்க மேசை மேல் தாங்கு வைத்துச் சுடட்டும். நின்றுகொண்டு சுடும் நிலையில் முதுகு பின்னால் வளையும், வளர்கிற எலும்புக்கு அவசரமாக அந்தச் சுமை வேண்டாம். "தாங்கு வச்சு சுடறது ஏமாத்து வேலை" என்று சொல்லும் மாமாக்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எழுதுவது வலது கை. ஆனால் இடது கண்ணை வைத்துத்தான் பார்க்கிறான்.

நல்ல வேளை வாங்குவதற்கு முன்னாலேயே கவனித்தீர்கள். பிள்ளையை இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி விரல் நடுவே ஒரு முக்கோண இடைவெளி வைக்கச் சொல்லி, இரண்டு கண்ணும் திறந்தபடி அதன் வழியாக உங்கள் மூக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளியில் உங்களுக்கு எந்தக் கண் தெரிகிறதோ அதுதான் அவன் ஆளும் கண். கையும் கண்ணும் வேறு வேறு பக்கம் என்றால் கண்ணின் பக்கமே சுடப் பழக்குவது சின்ன வயதில் சுலபம். அதற்கு இடது கை ரைஃபிளோ, இரண்டு பக்கமும் பிடிக்கக்கூடிய கட்டையோ வேண்டும்.

எவ்வளவு செலவு ஆகும்?

இந்தியத் தயாரிப்பு ஸ்பிரிங் ரைஃபிள் பத்தாயிரம் ரூபாய் சுற்றில் கிடைக்கும். ஜெர்மன் போட்டி ரைஃபிள், வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷுட்ஸ் மாதிரி, இரண்டு லட்சம் தாண்டும். இதற்கு மேல் பெல்லட் டப்பா, விறைப்பான ஜாக்கெட், பேன்ட், ஷூ. ஜாக்கெட் ஒரு வருடத்தில் பத்தாமல் போகும், அதைப் புதிதாக வாங்குவது வீண்.

அதனால் என் யோசனை எப்போதும் ஒன்றுதான்: முதல் வருடம் எதையும் வாங்காதீர்கள். ஏதாவது கிளப்பிலோ அகாடமியிலோ சேர்த்து அவர்கள் ரைஃபிளிலேயே சுடட்டும். எங்கே ரேஞ்ச் இருக்கிறது என்று கடலூர்க்காரர்கள் அண்ணா விளையாட்டரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள், புதுச்சேரிக்காரர்கள் உப்பளம் பக்கம் விளையாட்டுத் துறையில் கேளுங்கள். என் பெண் அப்படித்தான் ஆரம்பித்தாள். சென்னையில் சொந்தக்காரர் வீட்டுப் பையன் சுடுவதை வேடிக்கை பார்க்கப் போனவள், அங்கே இருந்த பழைய ஜூனியர் ரைஃபிளைக் கேட்டு வாங்கிச் சுட்டுப் பார்த்தாள். 11 வயது. ஒரு வருடம் கழித்துத்தான் நாங்கள் வாங்கினோம், அதுவும் செகண்ட் ஹேண்ட்.

செகண்ட் ஹேண்டில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி. ஜெர்மன் தயாரிப்புகளின் சிலிண்டருக்குப் பொதுவாகப் பத்து வருடம்தான் ஆயுள். ரைஃபிள் பளபளவென்று இருக்கும், சிலிண்டர் காலாவதி ஆகியிருக்கும், புதுசு தனியாக வாங்கினால் பேரம் பேசி மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும். அப்புறம் அழுத்த அளவுமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு ஒரு இரவு விட்டுப் பாருங்கள், முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. பழைய பில்லைக் கேட்டு வாங்குங்கள், கூடவே உங்கள் பெயருக்கு விற்றதாக ஒரு எழுத்தும்.

மொட்டை மாடியில் டார்கெட் வைத்துச் சுடலாமா?

கடலூர்க்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது! 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் எனக்கு என்று ஒப்பந்தம் போட்டு, கோட்டையிலிருந்து சுட்டுப் பார்த்து ஊர்களைப் பிடித்தான். குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் பெயர் இருக்கிறதே, அது அந்தக் கதைதான். சுட்டவன் நினைக்கும் இடத்தோடு குண்டு நிற்காது என்பதற்கு நம்ம ஊரே சாட்சி.

.22 தோட்டா ஒன்றரை மைல் வரை போகும், அதாவது மஞ்சக்குப்பத்தில் கை தவறினால் கடற்கரைப் பக்கம் போய் விழலாம். ஏர் ரைஃபிள் அவ்வளவு போகாது, ஆனால் பக்கத்து மாடியில் துணி காயப்போடும் அக்காவை எட்டும். மாடி வேண்டவே வேண்டாம். வீட்டுக்குள் 10 மீட்டர் நீளத்தில் நடை இருந்து, டார்கெட்டுக்குப் பின்னால் குண்டைத் தடுத்துப் பிடிக்கும் இரும்புப் பொறி வைத்து, நடுவில் எந்தக் கதவும் திறக்காது என்றால் மட்டும் யோசிக்கலாம். இல்லையா, குண்டு போடாமலே பயிற்சி செய்யலாம். பிசிபி ரைஃபிள்களில் அதற்கென்றே ட்ரிக்கரை மட்டும் அடிக்கும் வசதி இருக்கிறது. வெள்ளைச் சுவரில் ஒரு புள்ளி வைத்து, குழலில் குண்டு இல்லை என்று பெரியவர் திறந்து பார்த்துவிட்டு, தினம் இருபது நிமிடம் பிடித்து நின்றால் போதும். என் பெண்ணுக்கு ஸ்கோர் ஏறியது அந்தச் சுவரால்தான்.

தோப்பில் மைனா, அணில், குரங்கு தொல்லை. அதற்கும் உதவும் அல்லவா?

உதவாது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் மாட்டுவீர்கள். மைனா, கிளி, கொக்கு எதுவும் விதிவிலக்கு இல்லை. சட்டத்தை விடுங்கள், பிள்ளைக்கு முதல் குறியாக ஒரு உயிரைக் காட்டாதீர்கள்.

வீட்டில் எங்கே வைப்பது?

பூட்டிய பீரோவில். குண்டு டப்பா வேறு இடத்தில், அதற்கும் பூட்டு. சாவி பிள்ளைக்குத் தெரியாத இடத்தில் இருக்கட்டும். சாமி மாடத்துக்குப் பின்னால் என்றால் அது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். சுடாத நேரத்தில் குழலுக்குள் நிறம் தெரியும் நைலான் நூல் ஒன்று செருகி இருக்க வேண்டும், உள்ளே குண்டு இல்லை என்பதற்கு அது அடையாளம். போட்டிகளிலும் அதுதான் விதி.

கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்று. உப்புக் காற்றில் துரு ஒரே வாரத்தில் வரும். உறையிலேயே மூடி வைத்தால் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் உறையின் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துடைத்து, வெளி இரும்புக்கு லேசாக எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பொட்டலத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று அடைக்கும் வால்வு பக்கம் மட்டும் எண்ணெய் போகக் கூடாது.

ஈயக் குண்டு பிள்ளைக்கு ஆபத்தா?

கையால் எடுத்துவிட்டு அதே கையால் முறுக்கு தின்றால் ஆபத்து. குண்டை வாயில் அடக்கிக்கொண்டு சுடும் பழக்கம் சில பெரியவர்களுக்கே இருக்கிறது, பிள்ளை அதைப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரேஞ்சிலிருந்து வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பக்கத்தில் நிற்கும் தம்பி தங்கைக்கும் சேர்த்து.

பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா?

இளவேனில் வாலறிவன் 1999-ல் பிறந்தது நம்ம கடலூரில்தான். வளர்ந்தது அகமதாபாத்தில். 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம், அதே வருடக் கடைசியில் சீனாவில் உலகக் கோப்பை இறுதிச் சுற்றிலும் தங்கம், அப்புறம் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக். எல்லாம் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். வேறு பதில் தேவையா?

துப்பாக்கி பிடித்தால் பிள்ளை முரடாகிவிடுமோ என்று என் மாமியார் பயப்படுகிறார்.

அத்தையை ஒரு நாள் ரேஞ்சுக்கே அழைத்துப் போங்கள். 10 மீட்டர் தூரத்தில் இருக்கும் டார்கெட்டின் நடுப் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம், ஒரு ரவைத் துணுக்கு அளவு. அதற்கு 60 குண்டு, ஒண்ணேகால் மணி நேரம். மூச்சை விட்டு, நிறுத்தி, மனசு சரியில்லை என்றால் சுடாமல் ரைஃபிளைக் கீழே வைத்து, மறுபடி எடுத்து. முரட்டுப் பிள்ளைகள் இரண்டாவது வாரம் வர மாட்டார்கள், சலித்துப் போய்விடும்.

வாங்கின பிறகு ஆர்வம் போய்விட்டால்?

போகும், பாதிப் பேருக்குப் போகும். ஜூனியர் ரைஃபிள் நல்ல நிலையில் இருந்தால் விற்பது கஷ்டமில்லை, கிளப்பில் அடுத்த பிள்ளை காத்துக்கொண்டிருக்கும். எங்கள் பெண்ணின் முதல் ஜாக்கெட் இப்போது பாகூரில் ஒரு பையனிடம் இருக்கிறது, அவனுக்கும் முன்னால் எங்களுக்கு அது வந்தது மூன்றாவது கையாக. காலரில் யாரோ ஒரு பிள்ளை பேனாவால் எழுதிய ரோல் நம்பர் இன்னும் அழியவில்லை.